கழற்றி மாட்டும் கார்: ஒரு சிறு வரலாறு

மலர்க் குழு நண்பர் போனில் பேசும்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே பதினஞ்சு வந்தாச்சு. நீ வேற ஏதாவது எழுது." எனக்குத் தெரிந்த 'வேற ஏதாவது' ஒன்றே ஒன்றுதான். அது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரேடியோவால் ஓட்டும் டூரிங் கார். "இந்த வயசுல பொம்மைக் காரா மாப்ளே?" என்று வகுப்புத் தோழர்கள் கேலி செய்வது வழக்கம். இந்தப் பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என்று நம் மூன்று பிரிவுகளுக்கும் பங்கு உண்டு. பொறியாளர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய ஒரு விஷயமும் அதற்குள் இருக்கிறது. எனவே பொறுமையாகப் படிக்கவும்!

படகில் தொடங்கிய கதை

கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒரு வண்டியை இயக்க முடியும் என்று 1898ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டினார். ஆனால் அந்த வித்தை வீட்டுக் கூடத்துக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம் எளிது. வால்வு ரேடியோவும் அதற்கான பேட்டரியும் சேர்ந்தால் பொம்மையை விட ரேடியோ பெரிதாகிவிடும். டிரான்சிஸ்டர் வந்த பிறகே எடை குறைந்தது.

1966ல் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா ஊரைச் சேர்ந்த எல்-ஜி என்ற நிறுவனம், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஃபெராரி 250 எல்.எம். காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப கால ரேடியோ கார்களில் அது முக்கியமானது. அமெரிக்காவில் எட்டில் ஒரு பங்கு அளவில் சிறு எஞ்சின் வைத்த கார்கள் பிரபலமாயின. அங்கே போட்டிகளுக்கு விதிமுறை வகுக்க 1967ல் 'ரோர்' என்ற அமைப்பு உருவாயிற்று. ஆனால் எஞ்சின் கார் என்றால் சத்தம், புகை, எண்ணெய்ப் பிசுக்கு. அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா?

மர மில் வீட்டுப் பிள்ளை

கதை இங்கே ஜப்பானுக்குப் போகிறது. ஷிசுவோகா நகரில் 1946ல் யோஷியோ டமியா என்பவர் மர அறுவை மில் ஒன்றைத் தொடங்கினார். மரத்தில் கப்பல், விமான மாதிரிகளும் செய்தார்கள். 1951ல் தீ விபத்து. அதன்பின் மர வியாபாரத்தை விட்டு மாதிரிகள் செய்வதிலேயே முழுமூச்சாக இறங்கினார்கள். 1960ல் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

யோஷியோவின் மகன் ஷுன்சாகு டமியா ஒரு தனிப் பிறவி. போர்ஷே 934 காரின் மாதிரியைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக, நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தவர் அவர்! அந்த உழைப்பிலிருந்து 1976ல் வந்ததுதான் டமியாவின் முதல் ரேடியோ கார், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு போர்ஷே 934. எஞ்சின் கிடையாது, மின்சார மோட்டார். சத்தமில்லை, புகையில்லை. 2025ல் தமது 90ஆவது வயதில் ஷுன்சாகு மறைந்தபோது உலகெங்கும் பொழுதுபோக்குக்காரர்கள் துக்கப்பட்டது சும்மா இல்லை.

இந்தக் கார்களின் முக்கியமான குணம், அவை பெட்டிக்குள் காராக வருவதில்லை என்பதுதான். உதிரியாக வரும். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட பைகளில் திருகாணிகள். எண் போட்ட பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள். கூடவே படம் போட்ட கையேடு. எந்தத் திருகாணி, எத்தனை மி.மீ. நீளம், எந்தத் துளையில் என்று வரைந்திருப்பார்கள். நமக்கு இஞ்சினியரிங் டிராயிங் ஹாலில் வியர்த்து விறுவிறுத்ததை, அந்தக் கையேடு பத்து வயதுப் பையனுக்குப் புரிய வைத்துவிடும். மூன்று நான்கு மாலை உட்கார்ந்து மாட்டினால்தான் கார் ஓடும். மாட்டியவனுக்கு கழற்றவும் தெரிந்துவிடும். அப்புறம் ரிப்பேருக்கு வேறு ஆளைத் தேட வேண்டாம்.

டூரிங் கார் வந்தது

1979லிருந்து சுமார் பத்தாண்டுகள் மணலிலும் மண்ணிலும் ஓடும் பக்கி கார்களின் காலம். அவை ஓட இடம் வேண்டும். நகரத்தில் இருப்பவனுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் கார் பார்க்கிங்தான். 1991ல் டமியா, தன்னிடம் இருந்த நான்கு சக்கர இழுவை பக்கியின் அடிச்சட்டத்தைத் தார்ச்சாலைக்கு ஏற்ப மாற்றி, மேலே டொயோட்டா செலிகா பாடியை வைத்தது. டிஏ01 என்று அந்தச் சட்டத்துக்குப் பெயர். பாடி என்றால் மெல்லிய பாலிகார்பனேட் ஓடு. பெயின்ட்டை உள்பக்கம் அடிப்பார்கள். வெளியே உரசினாலும் நிறம் போகாது.

அதே காலத்தில் ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான் நாடுகளில் நிஜ டூரிங் கார் பந்தயங்களுக்கும் பெரும் வரவேற்பு. டிவியில் பார்த்த ஆல்ஃபா ரோமியோ 155, நிஸான் ஸ்கைலைன் போன்ற கார்களைத் தாமே ஓட்டலாம் என்றதும் ஜனங்கள் விடுவார்களா? போட்டிக் கம்பெனிகளும் வந்தன. பெல்ட்டில் சக்தியைக் கடத்துவதா, ஷாஃப்ட்டில் கடத்துவதா என்று பெரிய வாதமே நடந்தது. 1999ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஷாஃப்ட் வைத்த டிசி3 காரை இறக்கியது. 2000ல் ஸ்லோவாக்கியாவிலிருந்து எக்ஸ்ரே நிறுவனத்தின் டி1 பெல்ட்டோடு வந்தது. 2002ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் தாய்லாந்து வீரர் சுரிகார்ன் டமியா காரில் பட்டம் வென்றார். கார் பார்க்கிங்கில் தொடங்கியது பத்தே வருஷத்தில் உலகப் போட்டி வரை போய்விட்டது.

மூன்று வேலைகள் மறைந்த கதை

என் பார்வையில் இந்த வரலாற்றின் சாரம் பந்தய வெற்றிகளில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. அன்று தினசரிக் கடமையாக இருந்த மூன்று வேலைகள் இன்று இல்லை.

முதலாவது மோட்டார். 540 என்ற ரகம், சுமார் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் உள்ளது. பந்தயக்காரர்கள் ஓட்டம் முடிந்ததும் பிரஷ் தேய்மானம் பார்ப்பார்கள். கம்யூட்டேட்டரைக் கைக்கு அடக்கமான ஒரு குட்டி லேத்தில் மெல்லிசாகச் சீவுவார்கள். ஒரே 27 சுற்று மோட்டார்தான் எல்லோரிடமும். ஆனால் பொறுமைசாலியின் மோட்டார் ஓர் அடி முன்னால் போகும். 2003ல் அமெரிக்காவின் நோவாக் நிறுவனம் சென்சார் வைத்த பிரஷ்லெஸ் மோட்டாரை இந்தக் கார்களுக்குக் கொண்டுவந்தது. தேய பிரஷ் இல்லை, சீவ கம்யூட்டேட்டர் இல்லை. குட்டி லேத் பரணுக்குப் போயிற்று.

இரண்டாவது பேட்டரி. ஆறு நிக்கல் காட்மியம் செல், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், மொத்தம் 7.2. எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: 1700 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நிமிடப் பந்தயத்தில் தீர வேண்டும் என்றால் சராசரி மின்னோட்டம் 20.4 ஆம்பியர். அதைத் தாண்டி இழுத்தால் கடைசிச் சுற்றில் கார் நொண்டும். ஆகவே பினியன் கியரில் ஒரு பல் கூட்டுவதா குறைப்பதா என்பதே ஜெயிப்பதைத் தீர்மானிக்கும். பிறகு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதன்பின் 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர். இன்று ஐந்தாயிரத்துக்கு மேல் கொள்ளளவு சாதாரணம். ஐந்து நிமிடத்தில் தீராது. சிக்கனம் என்ற திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் புதிய பொறுப்பு வந்தது. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. அலட்சியம் செய்தால் தீப்பிடிக்கும். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் விஷயமில்லை.

மூன்றாவது ரேடியோ. 27 மெகாஹெர்ட்ஸில் ஆறு அலைவரிசைகள் வழக்கத்தில் இருந்தன. ஏரியலில் கட்டும் சின்னக் கொடியின் நிறத்தால் அவற்றை அடையாளம் சொல்வார்கள்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். ரெசிஸ்டர் நிறக் குறியீட்டில் 1 முதல் 6 வரை அதே வரிசை! இருவர் ஒரே நிறத்தை ஆன் செய்தால் ஒருவர் கார் சுவரில் போய் மோதும். அதனால் "அண்ணே, மஞ்சள் யாரும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டே ஆன் செய்ய வேண்டும். 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்ததும் அதுவும் தேவைப்படவில்லை. யாரையும் கேட்காமல் ஓட்டலாம். வசதிதான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் பிடித்த சிநேகங்களும் நின்றுபோயின.

இன்றும் கை வைக்க வேண்டிய இடங்கள்

எல்லாம் மறைந்துவிடவில்லை. 2013ல் வந்த டமியா டிடி-02 சட்டத்தை எடுத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற கார். என்னிடம் இருப்பதும் அதுதான். சாதாரண கிட்டில் சக்கரங்களும் ஷாஃப்ட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷில்தான் சுற்றும். நம்ம ஊர்த் தூசியில் புஷ் சீக்கிரம் தேய்ந்து சக்கரம் ஆடும். எனவே முதல் மேம்பாடு 11 மி.மீ. வெளி விட்டம், 5 மி.மீ. துளை கொண்ட பால் பேரிங். செலவு குறைவு, பலன் அதிகம்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். கிட்டில் வருவது வெறும் உராய்வு ரகம். சிலிகான் எண்ணெய் ஊற்றும் ரகத்தை மாட்டினால் டம்பிங் என்பது என்ன என்று கண்ணால் பார்க்கலாம். எண்ணெய் கெட்டியானால் கார் மேடு பள்ளத்தில் தத்தும். இளகினால் வளைவில் தொங்கும். வைப்ரேஷன் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த மூன்று வளைகோடுகளும் அங்கே உயிரோடு ஓடும். டிஃபரன்ஷியலும் அப்படியே. அதற்குள் போடும் கிரீஸைக் கெட்டியாக்கினால், வளைவில் உள்சக்கரம் சும்மா சுழன்று சக்தியை வீணாக்குவது குறையும்.

கியர் விகிதம்: ஸ்பர் 70 பல், பினியன் 22 பல், உள் விகிதம் 2.6. பெருக்கினால் 8.27, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 8.27 சுற்று. மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் கார்களில் இரு கியருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு அழுத்தி, திருகாணியை இறுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிடுவார்கள். பேக்லாஷ் சரியாக இருக்கும். ஃபீலர் கேஜ் வேண்டாம். பழைய ஹால் டிக்கெட் போதும்!

ஒரு எச்சரிக்கை. மேம்பாடு என்றதும் பளபளக்கும் அலுமினிய பாகங்களை வாங்கி மாட்டுவோர் உண்டு. சஸ்பென்ஷன் ஆர்மை அலுமினியத்தில் போட்டால் அது உடையாது, உண்மை. ஆனால் மோதலின் அதிர்ச்சி அதைத் தாண்டிப் போய் அடிச்சட்டத்தையே பிளக்கும். பிளாஸ்டிக் ஆர்ம் வீட்டில் இருக்கும் பியூஸ் மாதிரி. உடைய வேண்டிய இடத்தில், மலிவான பாகம் உடைய வேண்டும். வடிவமைத்தவன் தெரிந்தேதான் வைத்திருக்கிறான். இன்னொரு சின்ன விஷயம்: இந்தத் திருகாணிகள் ஜப்பானிய ஜே.ஐ.எஸ். ரகம். நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் ஸ்குரூ டிரைவர் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். முதலில் வாங்க வேண்டிய உதிரி பாகம், சரியான ஸ்குரூ டிரைவர்தான்.

நமக்கு என்ன?

1979ல் வந்த 'சாண்ட் ஸ்கார்ச்சர்' பக்கியை டமியா 2010ல் மறுபடியும் தயாரித்து விற்றது. 1984ன் 'ஹார்னெட்' 2004ல் திரும்ப வந்தது. அப்பா பையனாக இருந்தபோது வாங்கிய காருக்கு மகன் பாகம் மாட்ட முடிகிறது. இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ரிப்பேர் செய்யக்கூடிய பொருள் நம் வீட்டில் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். போன் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுப்பின் சர்க்யூட் பிசினில் மூழ்கியிருக்கிறது. போர்டு போனால் போர்டோடு மாற்று என்கிறார்கள்.

இவற்றையெல்லாம் வடிவமைப்பது யார்? நம்மைப் போன்றவர்கள்தான். நம் பேட்ச்சில் பலர் இன்று டிசைன் மீட்டிங்கில் முடிவு சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பிரஷ்லெஸ் மோட்டார் போல, தேயும் பாகத்தையே இல்லாமல் செய்வது முன்னேற்றம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேயும் பாகத்தை உள்ளே வைத்து மேலே பசை போட்டு மூடுவது முன்னேற்றம் ஆகாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, ஐம்பது ஆண்டு வரலாறு கொண்ட ஒரு பொம்மை அழகாகக் காட்டுகிறது. அடுத்த மீட்டிங்கில் "இதை இரண்டு கிளிப்பில் மூடிவிடலாம், இல்லாவிட்டால் ஒட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால், "நாலு திருகாணி போடலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காசு அதிகம் என்பார்கள். சொன்னோம் என்றாவது இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குக் கார் வாங்கிக் கொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திறந்ததும் ஓடும் காரை வாங்காதீர்கள். கிட்டாக வாங்குங்கள். முதல் இரண்டு பை நீங்கள் மாட்டுங்கள், மூன்றாவது பையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். திருகாணி ஒன்றிரண்டு கட்டிலுக்கு அடியில் உருண்டு போகும். தேடி எடுத்துக்கொள்ளலாம்.