மரத்தின் தோளில் எஃகுத் தடம்

கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு வழி உண்டு. கிழக்கே கோவளம் போய், கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். மேற்கே வண்டலூரைத் தாண்டித் தாம்பரம் பக்கம் போனால், ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன் 1995இல் தொடங்கிய கிஷ்கிந்தா. தெற்கே திருப்போரூர் வட்டாரத்து இள்ளலூரில், 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. அங்கே ‘தஞ்சோரா’ என்று தஞ்சாவூரை நினைவூட்டும் பெயரோடு ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மபில்யார் நிறுவனம் செய்தது. தடம் தலைக்கு மேலே இருக்கும், இருக்கை அதன் அடியில் தொங்கும், கால்கள் அந்தரத்தில் ஆடும்.

இந்தப் பூங்காக்களின் ரோலர் கோஸ்டர்கள் எல்லாமே எஃகு. நம் நாட்டுப் பெரிய பூங்காக்கள் பிறந்ததே எஃகுக் காலத்தில்தான். தில்லியின் அப்பு கர் 1984இல் வந்தது. மும்பையின் எஸ்ஸெல் வேர்ல்ட் 1989, கொல்கத்தாவின் நிக்கோ பார்க் 1991. அதற்குள் உலகத்தில் ரோலர் கோஸ்டருக்கு நூறு வயது ஆகியிருந்தது. அந்த நூறு ஆண்டின் பெரும்பகுதியில் அது மரத்தால் ஆனது. ஆயிரக்கணக்கான பைன் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக முடுக்கி எழுப்பிய ஒரு மலை. ரயில் ஓடும்போது அந்த மலை முழுக்க முனகும், லேசாக ஆடும். அந்தப் பரம்பரை நம் கண்ணில் படாமலே போய்விட்டது. கடந்த பதினைந்து ஆண்டுகளாக அந்த மர மலைகள் பலவற்றின் மேல் எஃகுத் தடம் ஏறியிருக்கிறது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1827இல் ஒரு சரிவுப் பாதை போட்டார்கள். கரி ஏற்றிய பெட்டி தன் எடையிலேயே மலையிலிருந்து இறங்கும். காலிப் பெட்டிகளைத் திரும்ப மேலே இழுக்க வேண்டிய கோவேறு கழுதைகளும் அதே பாதையில் ஒரு பெட்டியில் ஏறி, சவாரி செய்தபடியே கீழே வரும். பிறகு கரி வேறு வழியில் போக, இந்தப் பாதையில் சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்து ஏறினார்கள். அதைப் பார்த்த லமார்கஸ் தாம்சன் 1884இல் நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் 50 அடி உயரத்தில் மரச் சாரம் கட்டி, அதன்மேல் பெட்டி ஓட விட்டார். கட்டணம் 5 சென்ட், வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அதற்கே கூட்டம் அலைமோதியது.

வேகத்தைக் கொண்டுவந்தவர் ஜான் மில்லர். 1919இல் அவர் காப்புரிமை வாங்கிய ஒரு சின்னச் சக்கரம்தான் இந்தத் துறையின் தலையெழுத்தை மாற்றியது. பெட்டியின் எடையைச் சுமக்கும் சக்கரம் தடத்தின் மேலே ஓடும். மில்லர் இன்னொரு சக்கரத்தைத் தடத்தின் அடியில் மாட்டினார். மேட்டின் உச்சியில் பெட்டி எகிறப் பார்த்தால் அந்த அடிச்சக்கரம் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் செங்குத்தான இறக்கங்கள் சாத்தியமாயின. 1927இல் கோனி தீவில் எழுந்த சைக்ளோன் 85 அடி உயரம். இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

இனி மரத் தடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கல் முழுக்க அங்கேதான். ஏழெட்டுப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, இணைப்புகள் ஒரே இடத்தில் வராதபடி மாற்றி மாற்றி அடுக்கி, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்குவார்கள். மேலே உள்ள இரண்டு பலகைகள் மட்டும் அகலமானவை, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டலின் அடியில்தான் மில்லரின் சக்கரம் ஓடும். இவ்வளவுக்கும் மேலே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை. நம் மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றிக் கொல்லர் இறக்கிய இரும்புப் பட்டாவைப் போல, தேய்மானத்தை அது வாங்கிக்கொள்ளும். சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரம்தான்.

பள்ளத்தின் அடியில் ரயில் பாயும்போது அதன் எடையைப் போல மூன்று, நான்கு மடங்கு விசை அந்தப் பலகைகள்மேல் விழும். வளைவில் பக்கவாட்டில் இடிக்கும். மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். போல்ட் துளை மெல்ல மெல்ல நீள்வட்டமாகும். இரு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள அகலம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். ரயில் இடமும் வலமும் முட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும். அந்த முட்டல் தடத்தை இன்னும் கெடுக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட பூங்காக்களில் தினமும் காலையில் தச்சர்கள் தடத்தின்மேலேயே நடந்து, சுத்தியலும் கையுமாக ஒவ்வொரு இணைப்பையும் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது தேய்ந்த பகுதியைப் பிரித்துப் புதிதாகப் பலகை அடுக்குவார்கள்.

1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் சவாரிக்காக ஆரோ நிறுவனம் குழாய் வடிவ எஃகுத் தடத்தைக் கொண்டுவந்தது. குழாயை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், தலைகீழாகவும் சுற்றலாம். மரம் பின்வாங்கியது. 1972இல் ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்டில் ‘ரேசர்’ என்ற மரக் கோஸ்டர் வந்தபோது பழையதன்மேல் மறுபடி ஆசை பிறந்தது. அந்த ஆசை 1990 வாக்கில் உயரப் போட்டியாக மாறியது. டெக்சாஸ் ஜயன்ட் 1990இல் 143 அடி. ஒஹையோ சீடார் பாயின்ட்டின் மீன் ஸ்ட்ரீக் 1991இல் 161 அடி. சான் அன்டோனியோவில் பழைய கல்குவாரிப் பாறையின் மேல் கட்டிய ராட்லர் 1992இல் 179 அடி.

என் கணிப்பில் தப்பு நடந்தது இங்கேதான். மரத்தின்மேல் பழி போடுவது நியாயமில்லை. 85 அடிக்கு நூறு ஆண்டு தாங்குகிற பலகை அடுக்கை அதன் இருமடங்கு உயரத்துக்கு ஏற்றி வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே உடம்பு வலிக்க வைக்கும் சவாரி என்று பெயர் கெட்டது. ராட்லரின் முதல் இறக்கத்தை 166 அடியிலிருந்து 124 அடியாகக் குறைத்தார்கள். மீன் ஸ்ட்ரீக்கின் முதல் இறக்கத்திலேயே பிரேக் வைத்தார்கள். விழுவதற்காக ஏறிய ரயிலை விழவிடாமல் பிடித்து இழுக்கும் நிலைமை வந்தது.

ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டனில் 2001இல் ஃப்ரெட் கிரப் தொடங்கிய நிறுவனம் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன். அதோடு சேர்ந்தவர் ஆலன் ஷில்கி, முன்பு ஆரோவில் வடிவமைப்பாளராக இருந்தவர். மரச் சாரம் திடமாகத்தான் இருக்கிறது, அதன் தலையில் இருக்கும் பலகை அடுக்குதான் நொந்துபோயிருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். அப்படியானால் முழுவதையும் இடிக்க வேண்டாம், தடத்தை மட்டும் கழற்றி எஃகு மாட்டினால் போதும்.

அதற்குக் குழாய் ஒத்துவரவில்லை. அவர்கள் கண்டுபிடித்த தடத்துக்குப் பெயர் ஐ-பாக்ஸ். தட்டையான எஃகுத் தகடுகளைக் கணினி சொன்ன வளைவில் வெட்டி, ஒன்றோடொன்று வெல்டிங் செய்தால், மரத் தடத்தைப் போலவே மேலே ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று ஓட இடம் கிடைக்கிறது. சூடாக்கி வளைக்கத் தேவையில்லை. தகட்டின் வெட்டிலேயே முறுக்கு வந்துவிடுகிறது. பலகை எந்தக் கட்டைமேல் உட்கார்ந்திருந்ததோ அதே மாதிரிக் கட்டைமேல் இந்த எஃகும் உட்காரும். இன்னொரு பாதி வழியும் அவர்களிடம் உண்டு. அடியிலுள்ள பலகைகளை அப்படியே விட்டு, மேலே உள்ள இரண்டுக்குப் பதிலாகக் கான்கிரீட் கலவை நிரப்பிய எஃகுப் பெட்டியை வைப்பது. அதற்கு டாப்பர் டிராக் என்று பெயர்.

டெக்சாஸ் ஜயன்ட் 2009 நவம்பரில் நின்றது, 2011 ஏப்ரலில் நியூ டெக்சாஸ் ஜயன்டாகத் திரும்பியது. செலவு 1 கோடி டாலர். உயரம் 153 அடியாகக் கூடியது, இறக்கம் 79 டிகிரி சாய்வு, வேகம் மணிக்கு 105 கிலோமீட்டர். எண்களைவிட முக்கியமானது ஓட்டம். கீழே அதே மரக்காடு நிற்க, மேலே ரயில் வழுக்கிக்கொண்டு போனது.

ரயிலும் புதிது. ஜெர்மனியின் கெர்ஸ்ட்லவர் நிறுவனம் 1961ஆம் ஆண்டுக் காடிலாக் காரின் முகத்தோடு அதைச் செய்து கொடுத்தது. பழைய மர வண்டி நேரான இறக்கத்துக்கும் அகன்ற வளைவுக்கும் ஏற்றது. முறுக்கிக்கொண்டு ஓடும் தடத்துக்கு ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகத் திரும்ப வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனி மடித்தடுப்பு வேண்டும். 2013 ஜூலை 19 அன்று இந்த ரயிலிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். சவாரியை நிறுத்தினார்கள். செப்டம்பரில் மறுபடி திறந்தபோது மடித்தடுப்போடு இருக்கை வாரும் சேர்ந்திருந்தது. தடத்தின் பெருமையைப் பேசும் இடத்திலெல்லாம் இந்த மரணத்தையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மேட்டில் ஆளை இருக்கையிலிருந்து தூக்குவதுதான் இந்த வகைச் சவாரியின் ருசி என்றால், ஆளைப் பிடித்துக்கொள்ளும் தடுப்பும் தடத்தளவுக்கே முக்கியமான பொறியியல். பின்னாளில் ராக்கி மவுண்டன் தன் ரயில்களைத் தானே செய்யத் தொடங்கியது.

பிறகு வரிசையாக வந்தன. 2013இல் ராட்லர் அயர்ன் ராட்லராகித் தலைகீழாகவும் சுற்றியது. மீன் ஸ்ட்ரீக் 2018இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனது. 161 அடி 205 அடியாகி, நான்கு இடத்தில் தலைகீழாகப் புரண்டது. ஃப்ளோரிடாவின் குவாசி 2022இல் 206 அடி அயர்ன் குவாசியாக எழுந்தது. இவற்றில் எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவின் கொலாசஸ். 1978இல் வந்தபோது அதில் இரண்டு தடங்கள், இரண்டு ரயில்கள் பக்கத்துப் பக்கத்தில் பந்தயம் ஓடும். 2014இல் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஏற்றத்தின் உச்சியில் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்து சரிந்தது. அதையும் மீறி 2015இல் ட்விஸ்டட் கொலாசஸ் ஓடியது. இரண்டு தடங்களை ஒரே நீளத் தடமாகக் கோத்துவிட்டார்கள். முன்னே போன ரயில் இரண்டாவது ஏற்றத்தில் ஏறும் நேரமும் பின்னே வரும் ரயில் முதல் ஏற்றத்தில் ஏறும் நேரமும் ஒத்துவந்தால், பழைய பந்தயம் அதே மரத்தின்மேல் மறுபடி நடக்கும். பழையதன் குணத்தை உணர்ந்து செய்த வேலை இது.

ஆசியாவில் நமக்குக் கிடைக்கும் உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. மியே மாநிலக் கடலோரத்தில் நாகஷிமா ஸ்பா லேண்ட். அங்கே 1994இல் வெள்ளைச் சாயம் பூசிய மரத்தில் ஒயிட் சைக்ளோன் எழுந்தது. 2018 ஜனவரியில் அதை நிறுத்தி, 2019 மார்ச்சில் 55 மீட்டர் உயரத்தில் ஹகுகெய் என்ற பெயரில் திறந்தார்கள். அந்தப் பெயருக்கு வெள்ளைத் திமிங்கிலம் என்று அர்த்தம். வெள்ளை மரம் அப்படியே இருக்க, எஃகுத் தடம் அதன்மேல் மூன்று முறை புரண்டு போகிறது.

கடலோரம் என்றதும் நம் கேளம்பாக்கம் பக்கம் நினைவு போகிறது. கோவளம் கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களில் உப்பை வாருவதற்குப் பெரும்பாலும் மரப்பலகைதான். அந்தக் காற்றிலும் நீரிலும் இரும்பு என்ன ஆகும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். உப்புக்காற்று எஃகைத் தின்னும், மரத்தை அவ்வளவாகத் தொடாது.  ஆனால் இங்கே கரையான் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் ஊற வைக்கும் மழை உண்டு, டிசம்பரில் புயல் உண்டு, சித்திரையில் பலகையைப் பிளக்கும் வெயில் உண்டு. பலகை அடுக்கின் போல்ட் துளைகளுக்கு இதைவிடக் கடுமையான ஊர் கிடையாது. மருந்தேற்றிய மரச் சாரம், மேலே வண்ணம் பூசிப் பராமரிக்கும் எஃகுத் தடம் என்ற கலப்பு இந்த நிலத்துக்குப் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மரத்தைப் பார்த்தபடி, மரத்துக்குள்ளே புகுந்து ஓடும் அனுபவம் நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் கிடைக்கட்டும்.

எல்லா மரக் கோஸ்டருக்கும் எஃகு மாட்ட வேண்டுமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் என் பதில். 1990களின் உயரப் போட்டியில் பிறந்தவற்றுக்கு அது வைத்தியம். அதற்கு முந்தையவை வேறு. பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902இல் கட்டிய லீப்-தி-டிப்ஸில் மில்லரின் அடிச்சக்கரம்கூடக் கிடையாது. அது பிறந்தபோது அந்தச் சக்கரமே பிறக்கவில்லை. 1985இலிருந்து மூடிக்கிடந்த அதை மரத்தாலேயே பழுது பார்த்து 1999இல் மறுபடி ஓட விட்டார்கள். சைக்ளோனை நியூயார்க் நகரம் 1988இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அங்கே தேய்ந்த பகுதியைப் பிரித்து, திரும்பவும் பலகைதான் அடுக்குகிறார்கள். அந்த வேலை தெரிந்த தச்சர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வளைவான இடத்தில் பலகையை எவ்வளவு முறுக்கினால் பிளக்காது, எந்த இணைப்பில் எத்தனை ஆணி என்பதையெல்லாம் மூத்தவர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். ஒரு பூங்காவில் தடம் எஃகாக மாறும்போது அங்கே அந்தப் பயிற்சியும் நின்றுவிடுகிறது. சைக்ளோனுக்கு அடுத்த ஐம்பது ஆண்டு வேண்டுமானால் மரத்தோடு சேர்த்து அந்தத் தச்சர்களுக்கும் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்த வாரம்: ரயிலை உச்சிக்கு இழுக்கும் சங்கிலியும், ஏறும்போது வரும் ‘டக் டக்’ ஓசைக்குக் காரணமான பாதுகாப்புக் கொக்கியும்.