படைப்பாற்றல் அளவீடு

தனிமனிதரின் படைப்பாற்றலை எண்ணால் மதிப்பிட உளவியலில் உருவான முறைகளின் பொதுப்பெயர். பிரான்சிஸ் கால்டன் 1869-இல் வெளியிட்ட நூலில் பெயர்பெற்றவர்களின் குடும்ப வரலாறுகளைக் கொண்டு மேதைமையை ஆராய்ந்தார். அவருக்கு அளவுகோல் புகழ்தான். பின்னர் வந்த நுண்ணறிவுச் சோதனைகள் ஒரே சரியான விடையைத் தேடின.

இக்குறையை 1950-இல் அமெரிக்க உளவியல் கழகத் தலைமையுரையில் ஜே. பி. கில்ஃபோர்டு சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ 1,21,000 ஆய்வுத் தலைப்புகளில் 186 மட்டுமே படைப்பாற்றலைத் தொட்டன என்பது அவர் கணக்கு. அவர் வழிவந்த சோதனைகளில் புகழ்பெற்றது செங்கல் கேள்வி: செங்கல்லால் என்னவெல்லாம் செய்யலாம்? வீடு, சுவர், கிணறு கட்டலாம் என்றால் விடை மூன்று, வகை ஒன்று. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், பொடித்துப் பாத்திரம் துலக்கலாம் என்றால் வகைக்கும் மதிப்பெண் கூடும். பிறர் சொல்லாததைச் சொன்னால் புதுமைக்குத் தனி மதிப்பெண். பால் டாரன்ஸ் 1966-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில், அரைகுறைக் கோடுகளைப் படமாக முடித்துத் தலைப்பிடும் பகுதியும் உண்டு. இவ்வகைச் சோதனைகளில் ஒரு பழுது இருக்கிறது: விடைகளை அள்ளிக் கொட்டுபவருக்கு அரிய விடை ஒன்றிரண்டு தானாகவே வாய்த்துவிடும்.

சர்னோஃப் மெட்னிக் (1962) மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் சேரும் ஒரு சொல்லைக் கேட்டார். தமிழில் ‘கண், மழை, கடல்’ என்றால் ‘நீர்’. திருத்துவது எளிது. ஆனால் சொல்வளம் உள்ளவரே முந்துவார். ஒரே விடை என்ற பழைய பாதைக்கே இது திரும்பிவிட்டது.

தெரசா அமபிலே 1982-இல் ஆளை விட்டுப் படைப்பை அளந்தார். சிறுமியர் செய்த காகித ஒட்டுப்படங்களை ஓவியர்களிடம் கொடுத்தார்; ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், அவரவர் துறையறிவைக் கொண்டே மதிப்பிட வேண்டும். மதிப்பெண்கள் ஒத்துவந்தால் அளவீடு நம்பத்தக்கது. இருப்பவற்றுள் மெய்யான படைப்புக்கு மிக அருகில் நிற்பது இம்முறையே. நடுவர்களைத் திரட்டும் செலவும், ஒரு குழுவின் மதிப்பெண்ணை வேறொரு குழுவோடு ஒப்பிட இயலாமையும் இதன் எல்லைகள். ஷெல்லி கார்சனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் தந்த சாதனை வினாநிரல், முடித்த பணிகளையும் பெற்ற விருதுகளையும் கணக்கிடுவதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவாது.

15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டு பிசா தேர்வு, 2022 சுற்றில் முதன்முறையாகப் படைப்புச் சிந்தனையையும் அளந்தது. 2024-இல் வெளியான முடிவுகளில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. இந்தியா அச்சுற்றில் கலந்துகொள்ளவில்லை.