லிஸ்டோவல் பிரபு

வில்லியம் பிரான்சிஸ் ஹேர், ஐந்தாவது லிஸ்டோவல் ஏர்ல் (28 செப்டம்பர் 1906 – 12 மார்ச் 1997): பிரிட்டிஷ் தொழிற்கட்சி அரசியல்வாதி. பரம்பரைப் பட்டத்தால் பிரபுக்கள் சபையில் இடம்பெற்று, 1944க்கும் 1951க்கும் இடையே துணை அமைச்சர், அமைச்சரவை உறுப்பினர், மீண்டும் துணை அமைச்சர் எனப் பல பொறுப்புகளை வகித்தவர். பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவைக் கவனித்த கடைசி ‘இந்தியா மந்திரி’ இவரே.

ஹேர் குடும்பத்தினர் அயர்லாந்தில் நிலம் வைத்திருந்த பிரபுக்கள். லிஸ்டோவல் என்பது அந்நாட்டின் கெர்ரி மாவட்டத்திலுள்ள ஊர். ஏர்ல் பட்டம் அயர்லாந்தைச் சேர்ந்தது என்பதால் அதைக் கொண்டு மட்டும் வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார முடியாது. 1869இல் குடும்பத்துக்குக் கிடைத்த ‘ஹேர் பிரபு’ பட்டம்தான் சபையில் இருக்கை தந்தது. 1931இல் தந்தை இறந்ததும், 25 வயதில் அந்த இருக்கை இவருக்கு வந்தது. ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த இவர் அழகியல் தத்துவத்தில் ஆர்வம் கொண்டவர்; 1933இல் அத்துறையின் நவீன வரலாற்றைப் பற்றி நூல் எழுதினார். ஆனால் குடும்பத்தின் அரசியலை இவர் ஏற்கவில்லை. இளவயதிலேயே சோஷலிஸ்ட் ஆனார். 1934இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர் எழுச்சி ராணுவத்தால் ஒடுக்கப்பட்டபின், தொழிற்கட்சியின் எல்லன் வில்கின்சனுடன் அப்பகுதியின் ஒவியேதோ நகருக்கு நேரில் விசாரிக்கப் போனார். அங்கிருந்த அதிகாரிகள் இருவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினர். மக்கள் சபைத் தேர்தலில் நிற்கத் தேவையில்லாத இவர், லண்டன் கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்தல் மூலமே போனார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: 1937 முதல் 1946 வரை கிழக்கு லூயிஷம், பின்னர் 1952 முதல் 1957 வரை வடக்கு பேட்டர்சீ.

ஒரு துறையின் மூத்த அமைச்சர் மக்கள் சபையில் இருந்தால், பிரபுக்கள் சபையில் அத்துறைக்காகப் பேசவும் மசோதாக்களை நடத்திக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். துணை அமைச்சர் பதவிகள் பல பிரபுக்களுக்குப் போனதன் காரணம் இதுதான். பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சியினர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்ததால், உழைக்கத் தயாராயிருந்த ஓர் இளம் பிரபு கட்சிக்கு மிகவும் தேவைப்பட்டார். 1941இல் அச்சபையில் கட்சிக் கொறடாவானார். 1944இல், சர்ச்சிலின் போர்க்காலக் கூட்டணி அரசில் இந்தியா, பர்மா துறைத் துணை அமைச்சரானார். மேலே இருந்தவர் பழமைவாதக் கட்சியின் லியோ அமெரி. நேருவும் காங்கிரஸ் தலைவர்கள் பலரும் அப்போது சிறையில் இருந்தனர்.

1945இல் தொழிற்கட்சியின் அட்லி அரசு அமைந்ததும் அஞ்சல்துறைத் தலைவரானார். 1946இன் தொடக்கத்தில் தகவல் அமைச்சகத்தையும் சிறிது காலம் கவனித்தார். அந்த அமைச்சகம் அவ்வாண்டே மூடப்பட்டது.

1947 ஏப்ரலில், வயது முதிர்ந்த பெத்திக் லாரன்ஸ் விலக, இந்தியா மற்றும் பர்மா மந்திரியாக அமைச்சரவைக்குள் வந்தார். இந்தியா பற்றிய பெரிய முடிவுகளை எடுத்தவர்கள் பிரதமர் அட்லியும் வைஸ்ராய் மவுண்ட்பேட்டனும்தான். 1858இல் உருவான அந்தப் பதவிக்கு முன்பிருந்த அதிகாரத்தை வைத்து இவரை அளப்பது பொருந்தாது. இவருடைய பணி வேறு: பழமைவாதக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த பிரபுக்கள் சபையில் இந்திய விடுதலை மசோதாவை நிறைவேற்றித் தருவது. ஜூலை 16 அன்று அதை முன்வைத்துப் பேசினார். இரண்டு நாள் கழித்து அரசரின் ஒப்புதல் கிடைத்தது. தம் துறையையே இல்லாமல் ஆக்கும் சட்டத்துக்காக ஓர் அமைச்சர் முழுமனத்துடன் வாதாடிய அந்த நாள், இவருடைய அரசியல் வாழ்வின் உச்சம் என்றே கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 15உடன் இந்தியா மந்திரி பதவி முடிந்தது. எஞ்சிய வேலைகள் காமன்வெல்த் உறவுத் துறைக்குப் போயின.

பர்மாவின் பொறுப்பு இன்னும் சில மாதம் நீடித்தது. அது எளிதாகவும் இல்லை. ஜூலை 19 அன்று பர்மாவின் தலைவர் ஆங் சானும் அவருடைய அமைச்சரவைத் தோழர்களும் ரங்கூனில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். செப்டம்பரில் லிஸ்டோவல் நேரில் அங்கே சென்றார். 1948 ஜனவரி 4 அன்று, காமன்வெல்த்தில் சேராமலே பர்மா விடுதலை பெற்றது. இவருடைய இரண்டாவது பதவியும் அன்றோடு மறைந்தது.

அதன்பின் கிடைத்தவை சிறிய பதவிகள். ஆர்தர் கிரீச் ஜோன்ஸின் கீழ் காலனி விவகாரத் துணை அமைச்சராக 1950 வரை இருந்தார். 1950 நவம்பர் முதல், கட்சி ஆட்சி இழந்த 1951 அக்டோபர் வரை வேளாண் துறையில் இன்னும் இளநிலைப் பதவியை ஏற்றார். அமைச்சரவையில் இருந்தவர் இப்படிப் படிப்படியாக இறங்கி வந்தும் பணியைத் தொடர்ந்தது பாராட்டத்தக்கது. இதே இரு துறைகளிலும் பின்னாளில் பழமைவாதக் கட்சியின் சார்பில் பொறுப்பேற்றவர் இவருடைய சொந்தத் தம்பி ஜான் ஹேர். 1955இல் காலனி விவகாரத் துணை அமைச்சராகவும், 1958இல் வேளாண் அமைச்சராகவும்.

1957இல் விடுதலை பெற்ற கானாவுக்கு அவ்வாண்டே கவர்னர் ஜெனரலாக அனுப்பப்பட்டார். 1960 ஜூலை 1 அன்று பிரதமர் இங்க்ருமாவின் தலைமையில் கானா குடியரசாக, அப்பதவியும் இவரோடு முடிவுற்றது. 1965 முதல் 1976 வரை பிரபுக்கள் சபையின் குழுக்கள் தலைவராக இருந்தார். மொத்தம் 65 ஆண்டுகளுக்கும் மேல் அச்சபையின் உறுப்பினர். இவருக்குப் பின் மகன் பிரான்சிஸ் பட்டத்துக்கு வந்தார். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியபோது ஹேர் குடும்பத்தின் இருக்கையும் போனது.