இடம் பெயர்ந்த விலாசங்கள்

நாமக்கல் ஊர் தன் ஒற்றைப் பாறையின் அடிவாரத்தை விட்டு ஓர் அடியும் நகர்ந்ததில்லை. ஆனால் அதன் விலாசம் ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் மும்முறை மாறிவிட்டது. சேலம் ஜில்லாவின் தாலுகாவாக இருந்த அது, 1910-ல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு இணைக்கப்பட்டு, 1929-ல் சேலத்துக்கே திரும்பி வந்து, 1997 ஜனவரி 1-ஆம் தேதி தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. வடக்கே தருமபுரியோ, 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்னரும், 1972 ஆகஸ்டு 15-ல் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தபோது சேலத்துக்குரிய 636 என்னும் தொடக்கத்தையே பெற்று, இன்றும் அதையே தாங்கி நிற்கிறது. இவ்வாறு ஆட்சியின் எல்லைகள் ஓயாமல் மாறிவந்த ஒரு சமவெளியில், பழைய விலாசத்தை நம்பி வருகிறவனுக்கு என்ன விடை சொல்வது என்ற பிரச்சினை, இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்துவந்தது.

அதைத் தபால் இலாகா கௌரவமாகவே எதிர்கொண்டது. சேராத கடிதத்தைத் தபால்காரர் மௌனமாக ஒதுக்கிவிட முடியாது. விலாசதாரர் இடம் மாறினாரா, வாங்க மறுத்தாரா, காலமானாரா, அப்படி ஒருவர் அவ்வூரில் இல்லவே இல்லையா என்ற காரணத்தை உறையின் மேல் எழுதியாக வேண்டும். புதிய இடம் தெரிந்தால் கடிதம் அங்கே திருப்பப்படும். தெரியாவிடில் அனுப்பியவரிடமே மீளும். அனுப்பியவர் பெயரும் உறையில் இல்லையென்றால் ‘டெட் லெட்டர் ஆபீஸ்’ என்று அக்காலத்தவர் அழைத்த காரியாலயத்துக்குச் செல்லும். பிறர் கடிதத்தைப் பிரித்தல் குற்றம் என்று தன் ஊழியரையே தண்டிக்கத் துணிந்த 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், அனுப்பியவரைக் கண்டறிய வேண்டும் என்ற நோக்கத்துக்காக, அதிகாரம் பெற்ற ஓர் உத்தியோகஸ்தர் மட்டும் உறையைப் பிரிக்க இடங்கொடுத்தது. உள்ளே பணமோ, கெட்டுப்போகாத பொருளோ இருந்தால் ஓராண்டு காலம் உரியவருக்காகக் காத்து வைக்கவும் விதித்தது. 2024 ஜூன் மாதத்தில் புதிய சட்டம் அமலுக்கு வரும்வரை, நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த விதிகள் நிலைத்தன. ‘இல்லை’ என்ற விடையிலும் ஏன் இல்லை என்பதையும் இனி எங்கே தேடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் அந்தக் கடமையுணர்ச்சியை, நம் நாட்டு நிர்வாக மரபின் சிறந்த அம்சங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

அதே கடமை, இணையம் என்னும் புதிய தபால் உலகத்தில் வேறு உருவம் கொண்டது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் நெறிமுறையில் பிழைகளுக்கு எண்ணே கிடையாது. கேட்ட பக்கம் இல்லாவிடில் மனிதர் படித்தறியும் வாக்கியமாகவே விடை வரும். வந்தது பக்கமா, பக்கம் இல்லை என்ற அறிவிப்பா என்பதை இயந்திரம் பகுத்தறிய வழியில்லை. அக்குறையை நீக்கவே அடுத்த ஆண்டில் மூன்று இலக்க எண்கள் வகுக்கப்பட்டன. 1996 மே மாதத்தில் வெளியான நெறிமுறை ஆவணம் அவற்றைக் கிரமப்படுத்திற்று. நிரந்தரமாக இடம் மாறியதற்கு 301, அனுமதி மறுப்புக்கு 403, காணப்படாமைக்கு 404 என்று அவை அமைந்ததைப் பார்க்கும்போது, தபால்காரர் உறையின்மேல் எழுதிய காரணங்கள் ஒவ்வொன்றாக எண்ணுருப் பெற்றது போலத் தோன்றுகிறது. இருந்தது, இனி ஒருபோதும் இல்லை என்பதைத் தெரிவிக்கும் 410, நாமக்கல் மாவட்டம் பிறந்த அதே 1997 ஜனவரியில் வெளியான அடுத்த பதிப்பில் சேர்ந்தது. செர்னில் 404 என்ற இலக்கமுள்ள அறையிலிருந்து அந்த எண் பிறந்தது என்ற கதை ஆதாரமற்றது.

எண் இயந்திரத்துக்குப் போதும், மனிதனுக்குப் போதாது. 1995-ல் தோன்றிய அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருள், ‘எரர்டாக்குமென்ட்’ என்ற ஒரே வரிக் கட்டளையால், எந்தப் பிழைக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதைத் தளத்துக்கு உரியவரே நிர்ணயிக்க இடமளித்தது. ஆனால் 1999-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஐந்தாம் பதிப்பு, அப்படி வந்த 404 பக்கம் 512 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் அதை மறைத்துத் தன் சொந்த அறிவிப்பைக் காட்டிற்று. சுருக்கமாக எழுதியவர்களுக்கு இது பெருந்தொல்லை.

தமிழருக்கோ அதனினும் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. டிஸ்கி, டாப் முதலிய பல குறியாக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வழங்கிய அந்த ஆண்டுகளில், ஒரு தளத்தின் தமிழ் மற்றொருவர் திரையில் குழம்பிய குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் நியமங்கள் கண்டதும் இக்குழப்பம் தீர வேண்டும் என்பதற்காகவே. வழி தவறியவனுக்குக் காட்டும் பக்கம் எழுத்தும் தவறிவிட்டால் என்னாவது என்ற நியாயமான அச்சத்தால், தளத்தின் மற்றப் பக்கங்கள் தமிழில் இருந்தும் பிழைப்பக்கம் மட்டும் சர்வரோடு வந்த ஆங்கிலமாகவே விடப்பட்டது. யூனிகோடு பரவிய பின்னர் அச்சத்துக்குக் காரணமில்லை. ஆயினும் பழக்கம் நிலைத்துவிட்டது.

ஊர்களைப் போலவே தளங்களும் விலாசம் மாறுவதுண்டு. சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் முதலில் ‘டிஎன்.நிக்.இன்’ என்ற முடிவோடு கூடிய விலாசங்களில் இருந்தன. பின்னர் இடைப்பட்ட ‘டிஎன்’ நீங்கி, வேறு அமைப்புக்கு மாறின. பழைய விலாசங்களோ கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் அப்படியே நிற்கின்றன. 2009-ல் தேசிய தகவலியல் மையம் அரசாங்கத் தளங்களுக்காக வகுத்த வழிகாட்டு நெறிகள், அறுந்த இணைப்புகளும் ‘பக்கம் காணப்படவில்லை’ என்ற பிழைகளும் இல்லாதபடி கண்காணிக்க வேண்டும் என்று கூறுகின்றன. நல்ல விதிதான், எனினும் பிழையே நேராதிருக்கச் செய்வதோடு, நேர்ந்தபோது பேசும் முறையையும் கவனித்தாக வேண்டும். ஏனெனில் தேடி வருகிறவர்கள் மரவள்ளிக்கு நோய் வந்து யோசனை கேட்கும் ராசிபுரத்து விவசாயியும், பட்டாவின் பழைய விவரம் தேடும் திருச்செங்கோட்டு நெசவாளரும். ஆங்கில வாக்கியமும் ஓர் எண்ணும் அவர்களுக்கு விடையாகா.

செய்யவேண்டியதும் அதிகமில்லை. பிழைப்பக்கத்தை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழில் எழுதிச் சேமித்து, ‘எரர்டாக்குமென்ட்’ கட்டளையில் முழு விலாசத்தைக் கொடாமல் தளத்துக்குள்ளேயே உள்ள பாதையை மட்டும் கொடுத்தால் 404 என்ற எண் கெடாமல் இருக்கும். முழு விலாசம் கொடுத்தால் அப்பாச்சி அதை இடமாற்றமாகவே அனுப்பிவிட, இல்லாத பக்கம் இருப்பதாகத் தேடுபொறிகள் எண்ணிக்கொள்ளும். பக்கம் பெயர்ந்த இடம் தெரிந்தால் பிழைப்பக்கமே வேண்டாம், 301 கொண்டு அங்கேயே சேர்த்துவிடலாம். தெரியாத இடத்தில், நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை என்ற வாக்கியத்தின் கீழ் ஒரு தேடற்பெட்டியும், ஆட்சியர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும், நாமக்கல் தளமாயின் 1997-க்கு முற்பட்ட விவரங்களுக்குச் சேலம் மாவட்டத் தளத்தையும் பார்க்கவும் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும்.