அரசு கைவிட்ட ரயில்பாதை

நட்டத்தில் ஓடும் ரயிலை என்ன செய்வது? மூடிவிட வேண்டியதுதான் என்பீர்கள். ஜப்பான் அரசும் 1980இல் சட்டம் இயற்றி, ஆள் குறைந்த கிளைப்பாதைகளைக் கைகழுவ முற்பட்டது. வடகிழக்கே இவாத்தே மாகாணத்தின் சான்ரிக்குக் கடற்கரைப் பாதைகளும் அவற்றுள் அடங்கும். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மீனவ ஊர்கள் அவை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ரயில்தான் கால்.

மாகாண ஆட்சியும் நகராட்சிகளும் தனியாரும் பங்கு போட்டு, 1981இல் சான்ரிக்கு ரயில்வே கம்பெனியைத் தொடங்கினர். விட்டுப்போன துண்டுகளையும் இணைத்து, 1984 ஏப்ரல் 1 அன்று வண்டி விட்டார்கள். முதல் பத்தாண்டு இலாபமே கிடைத்தது! பிறகு கார்கள் பெருகின, பிள்ளைகள் குறைந்தனர், மறுபடி நட்டம்.

2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தது. ஷிமானோகோஷி நிலையம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மியாக்கோவில் மின்சாரம் இல்லை. ஆனால் அங்கே நின்றது டீசல் வண்டி அல்லவா? எஞ்சினை ஓட்டினால் விளக்கு எரியும், குளிரும் தணியும். அந்தப் பெட்டியையே ஊழியர்கள் அலுவலகமாக்கிக் கொண்டார்கள். ஐந்தே நாளில், கூஜியிலிருந்து ரிக்குச்சூநோதா வரை வண்டி ஓடியது. கட்டணம் கிடையாது.

முழுப் பாதையும் சீராக 2014 ஏப்ரல் ஆயிற்று. 2019 மார்ச்சில் இடைப்பட்ட மியாக்கோ–கமாயிஷிப் பாதையும் சேர்ந்து, 163 கி.மீ. நீண்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே புயல் அதைச் சிதைத்தது. 2020 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியது.