அஞ்சர வேதக்காரரும் என் மகனும்

போன ஞாயிறு சர்ச் முடிந்து வரும்போது மகன் கேட்டான். "அப்பா, ஏசாயா எழுதினது இயேசுகிட்ட அப்படியே நடந்திருக்கே. நம்ம வேதம் உண்மைங்கிறதுக்கு இதைவிட என்ன புரூஃப் வேணும்?"

நான் பி.காம் படித்த பேங்க்காரன், வேதபண்டிதன் இல்லை. வேலூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு தெரிந்துகொண்ட ஒரு கதையை அவனுக்குச் சொன்னேன்.

1860-ல் அருளப்பன் என்ற ஊழியர் மூலம் திருநெல்வேலிப் பக்கம் ஓர் எழுப்புதல் உண்டானது. 1873 வாக்கில் அந்த அலை திருவிதாங்கூருக்கும் வந்தது. அதில் முன்னே நின்றவர் யுஸ்தூஸ் ஜோசப். தமிழ் பிராமணர்தான். வித்வான்குட்டி என்று அழைப்பார்கள். 1861-ல் மாவேலிக்கரையில் ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். குருவானவர். கொல்லத்துக்கு வடக்கே கன்னேற்றியில் ஊழியம் செய்தார். 1875-ல் தனிச்சபை தொடங்கியவர்கள், கிறிஸ்து 1881-ல் திரும்பி வருவார் என்று அறிவித்தார்கள். ஐந்தரை வருடக் கணக்கு என்பதால் ஜனங்கள் வைத்த பெயர் 'அஞ்சர வேதக்காரர்'!

1881 வந்தது, போனது. பலர் பழைய சபைக்கே திரும்பிவிட்டார்கள். மீதிப்பேர் புதுயுகம் பிறந்துவிட்டது என்று சொல்லி, 'யுயோமயம்' என்ற மார்க்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கணக்கில் அந்தத் தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டது!

பேங்கில் ஒருவருடைய செக்கை நம்பலாமா என்று பார்க்கும்போது, பாஸானதை மட்டுமா எண்ணுகிறோம்? திரும்பியதையும்தானே எண்ணுகிறோம். செக்கில் போட்ட தேதி நிஜமா என்றும் பார்ப்போம். ஏசாயா அந்தத் தேதிச் சோதனையில் பாஸ். 1947-ல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் இயேசுவுக்கு முந்தியது. ஆனால் தானியேலின் கதை வேறு. அதில் வரும் ராஜாக்களின் விவரம் சம்பவம் நடந்தபின் எழுதப்பட்டது என்று 3-ம் நூற்றாண்டிலேயே போர்பிரி வாதாடினார். இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஏசாயாவிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவிசேஷம் எழுதியவர்கள் ஏசாயாவைக் கரைத்துக் குடித்தவர்கள். நடந்ததை அந்த வார்த்தைகளிலேயே பார்த்து எழுதியிருப்பார்கள் இல்லையா? பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியாள் ஒப்புக்கொள்ளும் அத்தாட்சியாக அதை நீட்ட முடியாது.

பையன் முகம் வாடிவிட்டது. "அப்போ நீங்க ஏன்பா சர்ச்சுக்கு வர்றீங்க?"

"புரூஃப் கிடைச்சதால வரலைடா. 'சத்துருவை நேசி'ன்னு அவர் சொன்னாரே, அது நிறைவேற வேண்டியது நம்ம கையிலதான் இருக்கு. அதுக்காக வர்றேன்."

வித்வான்குட்டி 1887-ல் காலமானார். குறித்த வருடம் பொய்த்துப் போனது. அவர் எழுதிய பாட்டுகளை கேரளத்துச் சபைகளில் இன்னும் உருகிப் பாடுகிறார்கள்.

உங்கள் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?