டிக் டிக் பெட்ரோல் பம்ப்

கார் வந்த புதிதில் பெட்ரோலுக்குப் பம்பே கிடையாது. டேங்க் உயரத்தில் இருக்கும். பெட்ரோல் தானாக இறங்கி என்ஜினுக்குப் போகும். ஃபோர்டு மாடல் டி வண்டியில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் குறைவாக உள்ளபோது செங்குத்தான மேடு வந்தால் என்ஜின் டேங்க்கைவிட உயரப் போய்விடும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேற்றினார்கள்! பிறகு என்ஜினின் உறிஞ்சு விசையால் பெட்ரோலை இழுக்கும் 'ஆட்டோவாக்' வந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து நீண்ட மேடு ஏறினால் விசை குறைந்து அதுவும் கைவிட்டது.

இதற்கு இங்கிலாந்தில் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் எஸ்.யூ. மின்சார பம்ப். எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய ஆரம்பகால கார்புரேட்டரில் தோல் துருத்தி இருந்ததில் வியப்பில்லை. 1926இல் மோரிஸ் கார் முதலாளி டபிள்யூ. ஆர். மோரிஸ் இந்தக் கம்பெனியை வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்ததுதான் நம் அம்பாசிடர்.

எழுபதுகளில் எங்கள் அலுவலகத்தில் ஓடிய பழைய அம்பாசிடரில் இந்தப் பம்ப்தான். சாவியைத் திருப்பியதும் 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்து, பிறகு ஓயும். ஓய்ந்த பிறகே டிரைவர் ஸ்டார்ட் செய்வார். உள்ளே நடப்பது எளிய வேலை. காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி டயாப்ரத்தை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். இழுப்பு முடியும் இடத்தில் பாயிண்ட் விலகி மின்சாரம் நிற்கும். ஸ்பிரிங் டயாப்ரத்தைத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். அங்கே நிறைந்துவிட்டால் தள்ள இடமில்லாமல் பம்ப் சும்மா நிற்கும். ஆகவே சத்தம் ஒரு சேதி. ஓயாமல் அடித்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. சத்தமே இல்லை, வண்டியும் கிளம்பவில்லை என்றால் பாயிண்ட் கருகிவிட்டது. டிரைவர் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார், ஓடும்.

பாயிண்ட் ஏன் கருகுகிறது? விலகும் ஒவ்வொரு முறையும் காயிலில் இருந்து எதிர்மின்சாரம் பாய்ந்து பொறி தட்டுகிறது. இதை அடக்க முதலில் கண்டென்சர் வைத்தார்கள், பின்னால் டயோடு. இதில் எச்சரிக்கை தேவை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். அது தெரியாமல் டயோடை மாற்றிப் போட்டால் உடனே கருகும். இப்போது பாயிண்டே இல்லாத எலெக்ட்ரானிக் அமைப்பும் அதே பம்புக்குள் பொருந்துகிறது. வெளியே பார்த்தால் பழைய பம்ப்தான்.

சத்தத்தைக் குறைக்கும் வழி இன்னும் சுலபம். பம்பைவிட அது பொருத்தியிருக்கும் தகடுதான் மேளம்போல் அதிகம் ஒலிக்கிறது. இடையில் ரப்பர் வைத்தால் அடங்கும். ஆனால் ரப்பர் எர்த்தையும் துண்டித்துவிடும். தனியாக ஒரு எர்த் வயர் இழுக்க வேண்டும். வயரை மறந்துவிட்டு, பம்ப் போய்விட்டது என்று புதிதாக வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தமே வேண்டாம் என்று சிலர் புது வண்டியின் இன்ஜெக்ஷன் பம்பை மாட்டுகிறார்கள். இது ஆபத்து. எஸ்.யூ. பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டுக்குள். இன்ஜெக்ஷன் பம்பின் அழுத்தம் 40 பவுண்டு அளவில். கார்புரேட்டரின் சிறு ஊசி வால்வு அதைத் தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான என்ஜின்மேல் கொட்டினால் தீதான்.

இன்னொன்று. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பரையும் டயாப்ரத்தையும் அது கெடுக்கும். வீட்டில் தாத்தா காலத்து வண்டி வைத்திருப்பவர்கள், பம்பை மாற்றும் முன் டயாப்ரத்தையும் பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். பம்பை எவ்வளவு அமைதியாக்கினாலும் கொஞ்சம் 'டிக்' மிச்சமிருக்கட்டும். பெட்ரோல் வருகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.